மகளுக்கு மாசம், எனக்குப் பத்தியம்

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் மாசமாக இருக்கிறாள் என்று தெரிந்த நிமிடத்திலிருந்து அவளுடைய வாய் ஊர்ப் பொதுச் சொத்தாகிவிடும். என்ன போகிறது, எவ்வளவு போகிறது, எந்த நேரத்தில் போகிறது என்று கணக்கெடுக்கும் உரிமை பால்காரரிலிருந்து பக்கத்து வீட்டுக்கு வந்த விருந்தாளி வரை எல்லாருக்கும் உண்டு. தபால் ஆபீஸில் காலம் தள்ளியவன் நான். ஸ்டாம்ப் ஒட்டாமல் வரும் கடிதத்துக்கு, அதை வாங்குகிறவரிடம் இரண்டு மடங்கு வசூலிப்போம். ஓசி ஆலோசனையும் அந்த ரகம்தான். சொல்கிறவருக்குக் காலணா செலவில்லை. கேட்கிறவர்தான் இரட்டிப்பாகக் கட்டவேண்டும்.

2019 கடைசியில், ஏழாம் மாத வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்காக என் மகள் தாய்வீடு வந்தாள். திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் எங்கள் ஊர். இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல், கர்ப்பிணி அட்டை, மாத்திரைப் பை, மாப்பிள்ளை பெங்களூரில் வாங்கிக் கொடுத்தனுப்பிய குங்குமப்பூ டப்பா ஆகிய சாமான்களோடு வந்தவளை வரவேற்க வீட்டில் இரண்டு இலாகாக்கள் தயாராக இருந்தன. என் தாயார், அதாவது மகளுக்கு அப்பத்தா, தடுப்பு இலாகா. என் மனைவி, ஊட்டல் இலாகா. வாரம் ஒருமுறை வந்து இரண்டு இலாகாக்களின் உத்தரவுகளையும் ரத்து செய்துவிட்டுப் போகும் மேலதிகாரி, துணை சுகாதார நிலையத்து நர்சம்மா. எனக்கு எந்தப் பொறுப்பும் தரப்படவில்லை. மிச்சத்தைச் சாப்பிடுகிற வேலை மட்டும் இருந்தது. அதை யாரும் சொல்லாமலே எடுத்துக்கொண்டேன்.

தடுப்பு இலாகா முதல் நாளே செயலில் இறங்கியது.

"பப்பாளி கண்ணுலயே படக்கூடாது. அன்னாசி ஆகாது. எள்ளு சூடு. கத்திரிக்கா கரப்பான். பூசணிக்கா நீர் கோக்கும். வாழப்பழம் தின்னா பிள்ளைக்குச் சளி. மோர் குடிச்சா அதைவிடச் சளி. இளநி குடிச்சா..."

"இளநிக்கு என்ன அப்பத்தா?"

"யோசிச்சுச் சொல்றேன்."

மகள் ஒரு பேப்பரை எடுத்து, உலகத்தில் உள்ள சாப்பாட்டிலிருந்து அப்பத்தா சொன்னதையெல்லாம் கழித்துப் பார்த்தாள். மிஞ்சியது சோறும் ரசமும். அந்த ரசத்திலும் புளி இருக்கிறதே என்று அப்பத்தா சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

நர்சம்மா வந்ததும் கேஸ் அப்பீலுக்குப் போனது. பப்பாளிக் காயில்தான் விவகாரம் என்றார் அவர். கீறினால் வடியும் பால் கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கக்கூடும், ஆகவே காயும் செங்காயும் வேண்டாம். மரத்திலேயே நன்றாகப் பழுத்ததில் அந்தப் பால் இருக்காது, ஒன்றிரண்டு துண்டு தாராளமாகச் சாப்பிடலாம். அன்னாசியும் அப்படியே, இரண்டு துண்டால் எந்தப் பிள்ளையும் கலைந்துவிடாது. எள்ளில் கால்சியம் நிறைய, எள்ளுருண்டையாகவே கொடுக்கலாம். வாழைப்பழத்துக்கும் சளிக்கும் ஒரு உறவும் இல்லை. அதிலும் மலைக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு சிறுமலைப் பழத்தைத் தள்ளிவைப்பது பாவம்.

அப்பத்தா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "நீ எத்தனை பெத்திருக்க?" என்றார்.

"ஒண்ணு, பாட்டி."

"நான் ஏழு."

மேல் முறையீடு தள்ளுபடி. ஆனால் என் மகள் வக்கீலுக்குப் படிக்காதது நாட்டுக்கு நஷ்டம் என்று நான் நினைப்பதுண்டு. அன்று ராத்திரி அப்பத்தாவின் கால் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்: "ஏன் அப்பத்தா, அப்பா வயித்துல இருந்தப்ப நீ என்ன சாப்பிட்ட?"

"என்னத்தச் சாப்பிட்டேன். கெடச்சதத் தின்னேன். வேலிப் பக்கம் பப்பாளி பழுத்துக் கெடந்தா அதையும்தான் தின்னேன். நாத்து நட்டுட்டு வர்றவளுக்குப் பசிக்காதா?"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. "அப்ப தெரியாது" என்று சமாளித்தார். எனக்கு அந்தப் பதில் பல நாள் மனதில் கிடந்தது. அந்தக் காலத்து வயல்காட்டுப் பெண்ணிடம் ஆகாதவை பட்டியல் ஒன்றும் இருந்திருக்காது. தள்ளிவைக்க ஏதாவது தட்டில் இருந்தால்தானே பட்டியல்? வீட்டில் நாலு பண்டம் சேர்ந்த பிறகுதான் அதில் மூன்றை விலக்கும் வசதி நமக்கு வந்திருக்கிறது.

ஊட்டல் இலாகாவின் சித்தாந்தம் நேர்மாறானது. "ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்" என்பதே அதன் ஒரே சட்டம். என் மனைவி அதைக் கணக்குப் பாடமாகவே எடுத்துக்கொண்டாள். நாலு இட்லி சாப்பிடுகிற பெண்ணுக்கு எட்டு. வயிற்றில் இருப்பது ஒரு தேங்காய் அளவு ஜீவன் என்பதும், அதற்கு இன்னும் பல் முளைக்கவில்லை என்பதும் அவள் கணக்கில் வரவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வெளியிட்ட கணக்குப்படி, கர்ப்பிணிக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தேவைப்படுவது நாளொன்றுக்கு 350 கலோரி. கேட்கும்போது பெரிய எண்தான். சாப்பாடாக மாற்றினால் ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம், ஒரு கைப்பிடி வேர்க்கடலை. முடிந்தது. ஒரு முழு ஆளின் சாப்பாடு அல்ல, ஒரு ஆள் மாலையில் கொறிக்கிற அளவு. அளவைவிடச் சரக்குதான் முக்கியம் என்று நர்சம்மா மாய்ந்து மாய்ந்து சொன்னார். கடைசி மூன்று மாதம் புரதம் அதிகம் வேண்டும். அதனால் சோற்றை ஒரு கரண்டி குறைத்துப் பருப்பு, முட்டை, சுண்டல், மீன் என்று கூட்டுங்கள். எட்டாம் மாதத்தில் பிள்ளை மேலே முட்டிக்கொண்டு நிற்கும், இரைப்பைக்கு இடம் இருக்காது, நெஞ்சு கரிக்கும். மூன்று வேளையை ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

என் மனைவி அதில் "ஐந்தாறு வேளை" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் கொஞ்சமாக" என்பதை விட்டுவிட்டாள். காலை இட்லி, பதினோரு மணிக்குச் சத்துமாவுக் கஞ்சி, மத்தியானம் சாப்பாடு, நாலு மணிக்குக் கொழுக்கட்டை, ஆறு மணிக்குச் சுண்டல், ராத்திரி சப்பாத்தி, படுக்கும்போது பால். மகள் ஒவ்வொன்றிலும் நாலு வாய் எடுத்துக்கொண்டு தட்டை என் பக்கம் தள்ளினாள். ஒரு அப்பன் என்ன செய்வான்? அன்னத்தை வீணாக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன் நான்.

மாதம் முடிந்தபோது நர்சம்மா எடை மெஷினைக் கொண்டுவந்தார். மகள் ஏறி இறங்கினாள். ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. திருப்தி என்று அட்டையில் எழுதினார். சும்மா கிடக்கிற மெஷின்தானே என்று நானும் ஏறிப் பார்த்தேன். எனக்கு மூன்று. கர்ப்பம் முழுவதற்கும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு கிலோ கூடினால் நல்லது என்பார்கள். என் வேகத்துக்கு நான் நாலு மாதத்தில் நிறைமாதம் ஆகிவிடுவேன்.

குங்குமப்பூவுக்கு வருவோம். ஒரு கிராம் குங்குமப்பூ சேர 150 பூ வேண்டும். காஷ்மீரத்துப் பாம்பூர் வயல்களில் விடியற்காலையில் பூவைப் பறித்து, ஒவ்வொரு பூவிலிருந்தும் மூன்று இழையைக் கையால் பிரித்து, உலர்த்தி எடுக்கிறார்கள். அதனால்தான் அந்த விலை. மாப்பிள்ளையின் டப்பா ஒரு கிராம். அதை வைத்து என் மனைவியும் சம்பந்தியம்மாவும் போனில் நடத்திய ஆலோசனையைச் சந்திரனுக்கு ராக்கெட் விடுகிறவர்கள்கூட நடத்தியிருக்க மாட்டார்கள். எத்தனை இழை, எந்த நேரம், சூடாகவா ஆறவைத்தா, பிள்ளை எவ்வளவு சிவப்பாக வரவேண்டும்.

என் நிறம் கருப்பு. என் மனைவி நல்ல கருப்பு. மாப்பிள்ளை, வளைகாப்பு போட்டோவில் பல் தெரிந்த இடத்தை வைத்து நாங்கள் கண்டுபிடித்த அளவுக்குக் கருப்பு. தோலின் நிறத்தைத் தீர்மானிப்பது அப்பன் ஆத்தாளிடமிருந்து வருகிற மரபணு. அது கருத்தரித்த அன்றே முடிவான விஷயம். ஏழாம் மாதத்தில் பாலில் மிதக்கிற நாலு இழை போய் அந்தத் தீர்ப்பைத் திருத்தி எழுத முடியாது. இதை நான் வாய்விட்டுச் சொன்னேன்.

"கருப்பா இருந்தா என்ன, களையா இருந்தாப் போதும்" என்று என் மனைவி உடனே ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்டுவிட்டு, அன்றைக்கு இழையை ஐந்தாக்கினாள்.

ஆனாலும் இந்தக் குங்குமப்பூவை நான் முழுதாகக் குறை சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் என் மகள் தினம் ஒரு டம்ளர் பால் குடித்திருக்கவே மாட்டாள். பால்தான் கால்சியமும் புரதமும் கொடுத்தது. பெயர் மட்டும் பூவுக்குப் போனது.

இப்போது சிவப்பு மாத்திரை, அதாவது இரும்புச்சத்து மாத்திரை. இதில் மட்டும் நான் கொஞ்சம் விவரமாகப் பேசவேண்டியிருக்கிறது, ஏனென்றால் எங்கள் வீட்டில் எல்லாரும் ஏளனமாகப் பார்த்த வஸ்து இது ஒன்றுதான். சர்க்கார் சும்மா கொடுப்பது, ஆகவே சுமாரானது என்று ஒரு எண்ணம். பெங்களூரிலேயே மகளுக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் 9.8 என்று சொல்லியிருந்தார்கள். கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. இது ஏதோ எங்கள் வீட்டு அபூர்வம் என்று நினைக்கவேண்டாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேருக்கு இந்தக் கதைதான்.

வந்த புதிதில் மகள் அரிசி டப்பாவைத் திறந்து ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு நறநறவென்று மென்றுகொண்டிருப்பாள். "மசக்கை, ஆசப்பட்டதத் திங்கட்டும்" என்றார் அப்பத்தா. நர்சம்மா பார்த்தார். "எத்தனை நாளா அரிசி திங்கிற? மண், சாம்பல், சாக்பீஸ் ஏதாவது திங்கத் தோணுதா?" என்று வரிசையாகக் கேட்டார். இப்படிக் கண்டதை மெல்லத் தோன்றுவது பல நேரங்களில் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாம். எங்களுக்கு ஆசையாகத் தெரிந்தது அவருக்கு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டாகத் தெரிந்தது.

மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். நாலாம் மாதத்திலிருந்து 180 நாள் சாப்பிடவேண்டும். மகள் ஒழுங்காகத்தான் சாப்பிட்டாள், ரத்தம் மட்டும் ஏறவில்லை. காரணத்தை நர்சம்மா அடுப்படியில் நின்று ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்தார். என் மனைவி மாத்திரையைக் கொடுத்த கையோடு காபியையும் கொடுத்துக்கொண்டிருந்தாள். வெறும் வாயில் எப்படி விழுங்கும் பிள்ளை என்கிற பரிவு. காபியும் டீயும் இரும்பை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். பால் ஆகாது. கால்சியம் மாத்திரையும் கூடவே போடக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா ஏதாவது ஒன்றோடு போட்டால் இரும்பு நன்றாக ஏறும். இத்தனை நாளும் எங்கள் வீட்டில் ஒரு கை கொடுத்ததை மறு கை பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

மாத்திரையால் மலம் கருப்பாகப் போனது. அது சாதாரணம்தான் என்று முன்பே சொல்லியிருந்தும், அப்பத்தா மாத்திரையையே மாற்றச் சொல்லி ஒரு நாள் உண்ணாவிரதம் இருந்தார். கூடவே வந்த மலச்சிக்கலுக்கு நிறையத் தண்ணீர், கீரை, பழம் என்றார் நர்சம்மா. சுவரொட்டி வாங்கிச் சுட்டுக்கொடுங்கள் என்று அப்பத்தா சொன்னதற்கு மட்டும் அவர் உடனே தலையாட்டினார். ஆட்டு மண்ணீரலில் இரும்பு ஏராளம். கறியிலிருந்து வரும் இரும்பு கீரையிலிருந்து வருவதைவிடச் சுலபமாக உடம்பில் சேரும். நன்றாக வெந்திருக்கவேண்டும், அவ்வளவுதான். தடுப்பு இலாகாவும் மேலதிகாரியும் கையெழுத்திட்ட முதல் ஒப்பந்தம் அது. கறிக்கடைக்காரர் சுவரொட்டியைத் தனியாக எடுத்துவைக்க ஆரம்பித்தார்.

அந்த ஃபோலிக் அமிலத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. எனக்கு ரொம்பப் பிடித்த கதை. லூசி வில்ஸ் என்று ஒரு ஆங்கிலேய டாக்டரம்மா, 1928-ல் பம்பாய் வந்தார். துணி மில்லில் வேலை செய்த கர்ப்பிணிப் பெண்கள் ஒருவகை ரத்தசோகையில் விழுந்துகொண்டிருந்தார்கள். கிருமியாக இருக்குமோ என்று தேடினார், இல்லை. கடைசியில் அவர்கள் வீட்டு அடுப்படியைப் பார்த்தார். கீரையும் காயும் பழமும் எட்டாத ஏழைச் சாப்பாடு. ஆராய்ச்சி நம் குன்னூர் பாஸ்டர் நிலையம் வரை வந்தது; சென்னையில் கோஷா ஆஸ்பத்திரியிலும் அந்த அம்மாள் வேலை செய்திருக்கிறார். மருந்தாக அவர் கண்டுபிடித்தது மார்மைட், வெள்ளைக்காரர்கள் ரொட்டியில் தடவித் தின்கிற, ஈஸ்ட்டில் செய்த மலிவான கருப்புப் பசை. அதைக் கொடுத்ததும் பெண்கள் தேறினார்கள். அதற்குள் இருந்த சத்து என்னவென்று அப்போது யாருக்கும் தெரியாது. 1941-ல் வேறு சிலர் டன் கணக்கில் பசலைக்கீரையைக் காய்ச்சி வடித்து அதைப் பிரித்தெடுத்தார்கள். கரு உண்டான முதல் நாலு வாரத்துக்குள் பிள்ளையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் மூடியாகவேண்டும். அதற்கு இந்தச் சத்து வேண்டும். முதல் நாலு வாரம் என்றால் பல பெண்களுக்குத் தாங்கள் உண்டாகியிருப்பதே தெரியாத காலம். அதனால்தான் பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே மாத்திரையைத் தொடங்கிவிடச் சொல்கிறார்கள். வளைகாப்புக்கு வந்த நாற்பது பெண்களில் ஒருத்திகூட இதைச் சொல்லவில்லை. குங்குமப்பூவைப் பற்றி நாற்பது பேரும் சொன்னார்கள்.

அடுத்து நடந்ததுதான் என் வாழ்க்கையைக் கெடுத்தது.

சர்க்கரைப் பரிசோதனைக்கு மகளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம். 140-க்குக் கீழே இருந்தால் பிழைத்தோம். வெறும் வயிறாக வரவேண்டும் என்கிற கட்டாயமும் இல்லை. சாப்பிடாமல் பஸ் ஏறி வா, அப்புறம் இன்னொரு நாள் வா என்றால் நம் ஊர்க் கர்ப்பிணிகள் வரமாட்டார்கள் என்று தெரிந்து ஒரே நடையில் முடிகிற இந்த முறையைக் கொண்டுவந்தவர் சென்னை டாக்டர் வி. சேஷையா. அவர் பிறந்தநாளான மார்ச் 10-ஐத்தான் நாடு முழுக்கக் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள். பெரிய மனிதர். அவர் மேல் எனக்குத் தனிப்பட்ட வருத்தம் உண்டு.

மகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்தாள். அங்கிருந்த நர்ஸ் அட்டையைப் பூர்த்தி செய்துகொண்டே கேட்டார்: "குடும்பத்துல யாருக்காவது சுகர் இருக்கா?"

"யாருக்கும் இல்லம்மா" என்றேன் பெருமையாக.

"நீங்க பார்த்திருக்கீங்களா சார்?"

"பார்த்ததில்ல. அதான் இல்லைன்னேன்."

நர்ஸ் ஒன்றும் பேசாமல் என் விரலைப் பிடித்து ஊசியால் குத்தினார். இரண்டு மணி நேரம் கழித்து மகளுக்கு 112 வந்தது. எனக்கு அப்போதே 286.

வீடு திரும்பியபோது ஊரே மாறியிருந்தது. அதுவரை மகளின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்த கண்கள் எல்லாம் ஒரே நாளில் என் தட்டுக்குத் திரும்பின. அப்பத்தா புதிதாக ஒரு பட்டியல் போட்டார், பேத்திக்குப் போட்டதைவிட நீளம். பாகற்காய்ச் சாறு குடி என்றார் பால்காரர். நாவல் கொட்டையைப் பொடி செய்து கொடுத்தார் எதிர்வீட்டுக்காரர். ஆவாரம்பூவில் டீ போட்டுக் குடித்துப் பதினைந்து நாளில் இன்சுலினை நிறுத்தியவரைத் தெரியும் என்றார் கீரைக்காரம்மா. அந்த மனிதர் இப்போது எங்கே என்று கேட்டதற்கு, போன வருஷம் தவறிவிட்டதாகச் சொன்னார். டாக்டர் வெறும் வயிற்றில் இன்னொருமுறை பார்த்து உறுதி செய்து, இரண்டு மாத்திரை எழுதி, தினம் நாற்பது நிமிடம் நடக்கச் சொன்னார். நாலு மணிக் கொழுக்கட்டை நின்றது. மகள் திண்ணையில் உட்கார்ந்து, நன்றாகப் பழுத்த பப்பாளியைத் துண்டு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டே நான் நடப்பதைப் பார்த்தாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை. கர்ப்பம் உண்டானதிலிருந்து அவள் நிம்மதியாகச் சாப்பிட்டது அந்த வாரம்தான் என்று நினைக்கிறேன்.

இதற்கு நடுவில் டிசம்பர் 26 வந்தது. கங்கண சூரிய கிரகணம். திண்டுக்கல் வட்டாரத்தில் வளையம் முழுதாகத் தெரியும் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். எங்கெங்கோ இருந்து பெட்டிபெட்டியாகக் கருவிகளோடு ஆட்கள் வந்தார்கள். உள்ளூர்க்காரர்களான நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டோம். கர்ப்பிணி வெளியே வரக் கூடாது, கத்தி எடுக்கக் கூடாது, ஊசி கோக்கக் கூடாது, அசையாமல் படுக்கவேண்டும். வீட்டில் யாரும் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது, சாப்பிடக் கூடாது. தண்ணீர்க் குடத்தில் தர்ப்பை. காலை 8 மணிக்கு மேல் பிடித்து 11 மணிக்கு மேல்தான் விடும். அப்பத்தா பாதுகாப்புக்காக முன்னும் பின்னும் கொஞ்சம் கூட்டிக்கொண்டு காலையிலிருந்தே அடுப்படியைப் பூட்டிவிட்டார்.

சாப்பாட்டுக்குத்தான் தடை, மாத்திரைக்குத் தடை இல்லையே என்று என் மனைவி வழக்கம்போல 7 மணிக்கு எனக்குச் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்தாள். சர்க்கரையை இறக்குகிற சில மாத்திரைகள் நாம் சாப்பிட்டோமா என்று பார்த்து வேலை செய்வதில்லை. வெளியே சூரியனை நிலா விழுங்கத் தொடங்கியபோது எனக்குக் கை நடுங்கியது. வளையம் பூரணமான நேரத்தில் சட்டை முழுக்க வியர்வை, கண் இருட்டல், நாக்குக் குழறல். "கிரகண தோஷம்" என்று அப்பத்தா விபூதியை எடுக்கப் போனார்.

உள் அறையில் அசையாமல் படுத்திருக்கவேண்டிய கர்ப்பிணி எழுந்து வந்தாள். பூட்டிய அடுப்படியின் சாவியை அப்பத்தாவின் சுருக்குப்பையிலிருந்து எடுத்தாள், மூன்று ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கி என் வாயில் ஊற்றினாள். கால் மணி நேரம் கழித்து இரண்டு சிறுமலைப் பழத்தை உரித்துக் கொடுத்தாள். அப்படியே தானும் ஒன்றை உரித்தாள். கிரகண நேரத்தில், கர்ப்பிணி, சாமான் உருட்டி, சாப்பிட்டு, அதுவும் வாழைப்பழம். அப்பத்தாவால் எதை முதலில் கண்டிப்பது என்று தீர்மானிக்க முடியவில்லை. அடுத்த கங்கண கிரகணம் நம் பக்கம் தெரியப்போவது 2031 மே மாதம். சாவியை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ள உத்தேசம்.

பிப்ரவரியில் பேரன் பிறந்தான். மூன்று கிலோ, சுகப்பிரசவம். நிறத்தைப் பற்றி மாப்பிள்ளை வீட்டார் யாரும் வாய் திறக்கவில்லை. பையன் அப்பனை உரித்துவைத்திருந்தான்.

பிரசவ வார்டு வாசலில் சம்பந்தியம்மா சீனித் தண்ணீர்க் கிண்ணத்தோடு தயாராக நின்றிருந்தார். சேனை வைக்கவேண்டும், குடும்பத்தில் யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வருமாம். யார் குணம் வரவேண்டும் என்பதில் இரண்டு குடும்பத்துக்கும் சின்னதாக ஒரு பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தபோதே, உள்ளே நர்ஸ் பிள்ளையைத் தாயின் மார்பில் போட்டுவிட்டார். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். மஞ்சளாக, கெட்டியாக, ஸ்பூன் கணக்கில்தான் வரும்; பிள்ளையின் முதல் தடுப்பூசி என்றே அதைச் சொல்கிறார்கள். சீனித் தண்ணீர், தேன், கழுதைப்பால், உரைமருந்து எதுவும் வேண்டாம், ஆறு மாதத்துக்குத் தண்ணீர்கூட வேண்டாம், தேன் ஒரு வயசு வரை ஆகவே ஆகாது, அதில் இருக்கக்கூடிய கிருமி பச்சைப் பிள்ளையின் குடலில் வளர்ந்து நரம்பையே தாக்கும் என்று நர்ஸ் வாசலுக்கு வந்து ஒரே மூச்சில் சொன்னார். சீனித் தண்ணீரை யாரோ என்னிடம் நீட்டினார்கள். நூறு கண்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் கீழே ஊற்றினேன்.

வீட்டுக்கு வந்ததும் பத்தியம். இந்தமுறை தண்ணீருக்குத் தடை: பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு தொங்கிவிடுமாம். பால் கொடுக்கிற பெண்ணுக்கு முதல் ஆறு மாதம் கூடுதலாக 600 கலோரியும், தாகம் எடுத்தபோதெல்லாம் தண்ணீரும் வேண்டும் என்று நர்சம்மா சொன்னதை, மகள் ஒரு பெரிய சொம்பைத் தலைமாட்டில் வைத்துச் செயலில் காட்டினாள். பால் ஊற மீன் வேண்டும் என்று ராமநாதபுரத்து உறவினர் பால்சுறா கொண்டுவந்தார். சுறா மாதிரிப் பெரிய மீன்களின் உடம்பில் பாதரசம் சேரும், பால் கொடுக்கிறவளுக்கு நெத்திலி, மத்தி போதும் என்று சொல்லிச் சமாளிப்பதற்குள் எனக்குப் போதும்போதும் என்றாகிவிட்டது. பூண்டுக் குழம்பு மட்டும் யாருடைய ஆட்சேபணையும் இல்லாமல் தினமும் நடந்தது. பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும், பூண்டு ருசிக்கு என்றார் நர்சம்மா. ருசி நன்றாகத்தான் இருந்தது.

தொட்டில் போடுகிற அன்று வீடு நிறைய உறவு. அடுப்படியில் உளுந்து வடை. பேரனுக்கு எடை பார்க்க வந்திருந்த நர்சம்மாவைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று உட்காரவைத்திருந்தோம். அவருக்கு நேர் எதிரே அப்பத்தா. பிள்ளையைக் குப்புறப் போடலாமா, தலைக்கு எண்ணெய் ஊற்றி மூக்கில் ஊதலாமா, சாம்பிராணிப் புகை காட்டலாமா என்று அன்றைய விவாதம் முறைப்படி நடந்து, எதிலும் உடன்பாடு இல்லாமல் ஓய்ந்திருந்தது. நான் சத்தம் போடாமல் இலையில் மூன்று வடையை வைத்துக்கொண்டு ஒன்றை எடுத்தேன்.

"சார், ஒண்ணு போதும்" என்றார் நர்சம்மா.

அப்பத்தா திரும்பி என் இலையைப் பார்த்தார்.

"அரை" என்றார்.